மூன்று ஆஸ்பத்திரி வேலை, வடசென்னையில் வீடு: எதை முதலில் முடிவு செய்வது?

மீஞ்சூர்_சிஸ்டர்

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங், கவுன்சில் பதிவு, ஐ.சி.யூ.வில் மூன்று வருட அனுபவம். இப்போது மூன்று இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். இருபதாம் தேதிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் இடம் தேனாம்பேட்டை மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம். 300 படுக்கை, என்.ஏ.பி.எச். (மருத்துவமனைத் தர) அங்கீகாரம் உண்டு. சி.டி.சி. (எனக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) மாதம் 31,000. காலை 7–2, மதியம் 2–9, இரவு 9–7 என்று மூன்று ஷிப்ட், வாரம் ஒரு ஆஃப். இரண்டு வருட பாண்டு, நடுவில் நின்றால் 75,000 கட்ட வேண்டும். ஒரிஜினல் சர்டிபிகேட்டும், கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுக் காசோலை ஒன்றும் கேட்கிறார்கள்.

இரண்டாவது, பெரம்பூரில் 80 படுக்கை மருத்துவமனை. கையில் 26,000. காலை 8 முதல் இரவு 8, அல்லது இரவு 8 முதல் காலை 8. மாதம் 26 டூட்டி. பாண்டு கிடையாது. பி.எஃப். உண்டா என்று கேட்டால் "சேர்ந்த பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள்.

மூன்றாவது, தண்டையார்பேட்டை மண்டலத்தில் மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். தொகுப்பூதியம் 18,000, ஒப்பந்தப் பணி. காலை 8 முதல் மாலை 4, ஞாயிறு விடுமுறை.

கணவருக்கு மணலியில் ஜெனரல் ஷிப்ட், பைக்கில் போவார். மகளுக்கு இரண்டரை வயது. அம்மா மீஞ்சூரிலிருந்து வாரத்தில் நான்கு நாள் வந்து பார்த்துக்கொள்வார்கள். பார்த்து வைத்திருக்கும் வீடுகள்: காலடிப்பேட்டையில் இரண்டாம் மாடி, வாடகை 11,000, அட்வான்ஸ் 80,000. கொருக்குப்பேட்டையில் தரைத்தளம், 7,500, அட்வான்ஸ் 50,000. செம்பியத்தில் முதல் மாடி, 12,500, அட்வான்ஸ் ஒரு லட்சம். இரண்டு மூன்று வருடம் கழித்து வளைகுடா போகும் எண்ணமும் இருக்கிறது. எதை வைத்து எதை முடிவு செய்வது என்று தெரியவில்லை.

---

வார்டு_இன்சார்ஜ்

சம்பளத்தைக் கடைசியில் பாருங்கள் சிஸ்டர். முதலில் ரோஸ்டர்.

மூன்று ஷிப்ட் என்றால் காலையும் மதியமும் ஏழேழு மணி நேரம், இரவு பத்து மணி நேரம். 26 டூட்டியில் எட்டு நைட் என்று வைத்துக்கொண்டால் மாதம் 206 மணி நேரம். பன்னிரண்டு மணி நேர டூட்டி 26 என்றால் 312. வாரத்துக்கு 72 மணி நேரம் வருகிறது. 12 மணி நேர ஷிப்ட் என்பதே கெட்டது என்று சொல்லவில்லை. மாதம் 15, 16 டூட்டி என்றால் அது நல்ல ரோஸ்டர், பிள்ளையோடு இருக்கவும் நாள் கிடைக்கும். 26 என்பதுதான் தாங்காது. பெரம்பூரில் திரும்பவும் ஒருமுறை கேளுங்கள்: 26 டூட்டியா, 26 நாள் சம்பளக் கணக்கா? சில இடங்களில் நைட் முடிந்த மறுநாள் 'நைட் ஆஃப்' கொடுத்து அதையும் டூட்டிக் கணக்கில் சேர்ப்பார்கள். அப்படியானால் கணக்கே மாறிவிடும்.

அடுத்தது ஆள் கணக்கு. ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு சிஸ்டர், மற்றவர்களில் இரண்டு பேருக்கு ஒருவர் என்பதுதான் முறை. பொது வார்டில் ஆறு பேருக்கு ஒருவர். இன்டர்வியூவில் "ரேஷியோ என்ன" என்று கேட்டால் புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்வார்கள். "நேற்று ராத்திரி ஐ.சி.யூ.வில் எத்தனை நோயாளி, எத்தனை சிஸ்டர்" என்று கேளுங்கள். முடிந்தால் யூனிட்டை ஒருமுறை சுற்றிப் பார்க்க அனுமதி வாங்கி, சுவரில் ஒட்டியிருக்கும் டூட்டி ரோஸ்டரைப் பாருங்கள். ஒரே பெயருக்கு நேராகத் தொடர்ந்து ஏழெட்டு நைட் இருந்தாலோ, அடித்துத் திருத்திய இடங்கள் நிறைய இருந்தாலோ அங்கே ஆள் பற்றாக்குறை என்று பொருள். டபுள் டூட்டிக்குக் காசா, காம்ப் ஆஃபா (பதில் விடுமுறையா), அந்த ஆஃபை எத்தனை நாளுக்குள் எடுக்கவேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

சர்டிபிகேட் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரிஜினலைக் காட்டலாம், சரிபார்த்ததும் அன்றைக்கே கையோடு வாங்கிவிட வேண்டும். நகல்தான் அவர்களிடம் இருக்க வேண்டும். "எல்லாரும் கொடுத்திருக்கிறார்கள்" என்று சொல்வார்கள். ஒரிஜினல் அவர்கள் பீரோவில் இருந்தால் அரசுத் தேர்வுக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கும் போக முடியாது, வெளிநாட்டுக்கான ஆவணச் சரிபார்ப்பும் நடக்காது.

வெற்றுக் காசோலை அதைவிட மோசம். பாண்டுத் தொகைக்கு மருத்துவமனை வழக்குப் போட்டால் அது சிவில் வழக்கு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகைதான் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் கேட்க முடியும். காசோலை கையில் இருந்தால் அவர்களே தொகை எழுதி வங்கியில் போட்டு, திரும்பி வந்ததும் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்காக்கிவிடலாம். பாண்டு வேண்டுமானால் போடுங்கள், காசோலை கூடவே கூடாது.

பாண்டைப் பேசிக் குறைக்க வழி இருக்கிறது. 75,000-ஐ 24 மாதத்தால் வகுத்தால் 3,125. ஒவ்வொரு மாதமும் அந்த அளவு குறையும்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பதினைந்து மாதம் முடித்து நின்றால் மீதி ஒன்பது மாதத்துக்கு 28,125 மட்டும் கட்டவேண்டியிருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் 23-வது மாதத்தில் நின்றாலும் முழுத்தொகை கேட்பார்கள். நோட்டீஸ் எத்தனை மாதம், பாண்டு முடிந்தபின்னும் அதே நோட்டீஸ்தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, யாரும் கேட்காமல் விடுவது: ஊசி குத்திக்கொண்டால் என்ன நடைமுறை? எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த முதல் டோஸ் ராத்திரி இரண்டு மணிக்கும் காஷுவாலிட்டியில் இருக்குமா, செலவு யாருடையது? ஹெபடைடிஸ்-பி ஊசி 0, 1, 6 மாதம் என்று மூன்றும் போட்டு, கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துத் தருவார்களா? உடனே பதில் சொல்லும் ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்பு சிஸ்டர் என்று ஒருவர் உண்மையாகவே வேலை செய்கிறார். முழித்தால் அங்கீகாரம் சுவரில் மாட்டிய படம் மட்டும்தான்.

---

பே_ஸ்லிப்

முதல் இடத்தின் ஆஃபர் லெட்டரோடு சம்பளப் பிரிப்புப் பக்கம் ஒன்று இருக்கும். அதிலுள்ள எண்களைப் போடுங்கள். சி.டி.சி.யை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

---

மீஞ்சூர்_சிஸ்டர்

இருக்கிறது. பேசிக் 15,000, வீட்டு வாடகைப் படி 6,000, சிறப்புப் படி 5,500. அதற்குக் கீழே நிறுவனத்தின் பி.எஃப். 1,800, கிராஜுட்டி 721, குழுக் காப்பீடு 479, பெர்ஃபார்மன்ஸ் பே 1,500.

---

பே_ஸ்லிப்

சரி. 31,000-ல் கிராஸ் (பிடித்தத்துக்கு முந்தைய மாதச் சம்பளம்) 26,500 மட்டுமே. நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுட்டி, காப்பீடு எல்லாம் உங்கள் பெயரில் எழுதிய செலவு, மாதாமாதம் கைக்கு வராது. நிரந்தரப் பணியில் கிராஜுட்டிக்கு ஐந்து வருடம் வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் கிளம்புகிறவர் அதைக் கணக்கிலேயே சேர்க்கவேண்டாம். பெர்ஃபார்மன்ஸ் பே வந்தால் சந்தோஷம், வராது என்று வைத்தே குடும்பக் கணக்குப் போடுங்கள்.

26,500-ல் உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போனால் 24,700. தொழில் வரியை அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள். அது வருடத்துக்கு 2,500-ஐத் தாண்டாது. மாதத்துக்கு அதிகபட்சமாக 208 என்று கழித்தால் கையில் 24,492. கிராஸ் 21,000-க்கு மேல் என்பதால் இ.எஸ்.ஐ. (அரசுத் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வராமல் போகலாம். ஆகவே குழுக் காப்பீட்டில் கணவரும் குழந்தையும் சேர்வார்களா என்று கேட்பது முக்கியம்.

மணி நேரக் கணக்கில் பார்த்தால், தேனாம்பேட்டை 24,492-ஐ 206-ஆல் வகுத்து 119 ரூபாய். பெரம்பூர் 26,000-ஐ 312-ஆல் வகுத்து 83. சுகாதார நிலையம் 18,000-ஐ 208-ஆல் வகுத்து 86 அல்லது 87. கையில் அதிகம் தருவதாகத் தெரிந்த இடம்தான் மணிக்குக் குறைவாகத் தருகிறது.

இப்போது வீட்டோடு சேர்த்துப் பாருங்கள். காலடிப்பேட்டையிலிருந்து தேனாம்பேட்டைக்கு மெட்ரோ 40 ரூபாய். சிங்காரச் சென்னை அட்டையில் 20% தள்ளுபடி போக 32. போக வர, 26 நாளுக்கு 1,664. அதையும் வாடகை 11,000-ஐயும் கழித்தால் மீதி 11,828. பெரம்பூர் வேலை, செம்பியம் வீடு என்றால் நடந்தே போகலாம், 26,000-ல் 12,500 போக மீதி 13,500. வித்தியாசம் 1,672 ரூபாய். அந்த 1,672-க்காக மாதம் 106 மணி நேரம் கூடுதலாக வேலை செய்கிறீர்கள். மெட்ரோப் பயணமும் நேரம்தானே என்றால், வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு தடவைக்கு 50 நிமிடம் வைத்தாலும் மாதம் 43 மணி நேரம். அப்போதும் 63 மணி நேரம் உங்கள் பக்கம் மிச்சம்.

இதில் பி.எஃப்.பை இன்னும் சேர்க்கவில்லை. தேனாம்பேட்டையில் உங்கள் 1,800-ம், நிறுவனத்தின் 1,800-ல் 550-ம் பி.எஃப். கணக்குக்குப் போகும், மீதி 1,250 பென்ஷன் கணக்குக்கு. மாதம் 2,350 சேமிப்பு.

பெரம்பூர்க்காரர்கள் "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்கு பி.எஃப். கட்டாயம். 80 படுக்கைக்கு இருபது பேர் இல்லாமல் இருக்க முடியாது. 15,000-க்கு மேல் பேசிக் போட்டுப் புதிதாகச் சேர்கிறவரைத்தான் வெளியே வைக்கலாம். உங்களுக்குப் பழைய வேலையிலேயே யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) இருந்தால் நீங்கள் ஏற்கெனவே உறுப்பினர், தொடர்ந்தாக வேண்டும். சேரும்போது படிவம் 11-ல் அந்த எண்ணை எழுதிக் கொடுங்கள்.

---

கல்மண்டபம்

ஒரு மாற்றுக் கருத்து. சுகாதார நிலைய வேலையை 18,000 என்று ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டரை வயதுப் பிள்ளை வீட்டில் இருக்கும்போது நைட் இல்லாத வேலைக்கு விலை உண்டு. மகளிருக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை, பயணச் செலவு அநேகமாகப் பூஜ்யம். எம்.ஆர்.பி. (மாநில அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வுக்குப் படிக்கச் சாயங்காலம் கிடைக்கும்.

ஆனால் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். எம்.ஆர்.பி. தேர்வெழுதித் தொகுப்பூதியத்தில் சேர்கிறவர்கள், காலியிடம் வரும்போது பணிமூப்புப்படி காலமுறை ஊதியத்துக்குப் போகிறார்கள். மாநகராட்சி சுகாதாரச் சங்கம் மூலம் எடுக்கும் ஒப்பந்தப் பணி அப்படியில்லை. எக்காலத்திலும் நிரந்தரம் கோரமாட்டேன் என்று உறுதிமொழியே எழுதி வாங்குவார்கள். இரண்டும் ஒன்று என்று நினைத்துச் சேர்ந்து வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

வேலையும் வேறு மாதிரி. கர்ப்பிணிப் பதிவு, அதற்கான அரசுப் பதிவு எண்ணான பிக்மி எண், புதன்கிழமை தடுப்பூசி, சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை, அன்றன்றைக்குக் கணினியில் பதிவேற்றம். பாதி நேரம் ரிப்போர்ட்தான். மக்களோடு நெருக்கமான, மதிப்பான வேலை. ஆனால் வென்டிலேட்டர், ஏ.பி.ஜி. (ரத்த வாயுப் பரிசோதனை), இன்ஃபியூஷன் பம்ப் எல்லாம் இரண்டு வருடம் கைபடாமல் போகும். வளைகுடாதான் இலக்கு என்றால் இது அந்தப் பாதை அல்ல. எம்.ஆர்.பி.தான் இலக்கு என்றால் இதைவிட நல்ல இடம் இல்லை. இந்த ஒன்றை உங்கள் வீட்டில் பேசி முடித்துவிட்டால் மூன்று ஆஃபர் இரண்டாகக் குறைந்துவிடும்.

---

வார்டு_இன்சார்ஜ்

கல்மண்டபம் சொன்னது சரி. வளைகுடா பற்றி ஒரு விஷயம் சேர்க்கிறேன். அங்கே விண்ணப்பிக்கும்போது டேட்டாஃப்ளோ மாதிரியான நிறுவனம் நீங்கள் கொடுக்கும் அனுபவச் சான்றிதழை நேராக மருத்துவமனைக்கே அனுப்பி, உண்மையா என்று கேட்கும். எச்.ஆர். என்று தனியாக ஆள் இல்லாத சின்ன மருத்துவமனைகளில் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போகாது. பதில் போகாவிட்டால் சரிபார்க்க இயலவில்லை என்று அறிக்கை வரும்; செய்த வேலை செய்யாத வேலையாகிவிடும். அப்போது பே ஸ்லிப்பும் பி.எஃப். பாஸ்புக்கும்தான் கை கொடுக்கும். பி.எஃப். இல்லாத இடத்தில் அதுவும் இல்லை. சான்றிதழில் எந்த யூனிட், எந்தப் பதவி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும்.

ஏஜென்ட் யாராவது சவுதிக்கோ குவைத்துக்கோ ஆள் எடுப்பதாகச் சொன்னால், இ.சி.ஆர். நாடுகளுக்கு (வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகள்) செவிலியர்களை அரசு முகமைகள் வழியாக மட்டுமே எடுக்கவேண்டும் என்று 2015-லிருந்து விதி இருக்கிறது. தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு மனிதவள நிறுவனம். அதன் அறிவிப்புகளை அவ்வப்போது பாருங்கள்.

சம்பளம் பேசும்போது கையில் வைத்துக்கொள்ள ஒன்று: 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து மத்திய சுகாதார அமைச்சகம் அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேலுள்ள தனியார் மருத்துவமனையில் மாநில அரசு செவிலியருக்கு நிகரான சம்பளமும், 50-க்கும் குறைவான படுக்கை உள்ள இடத்தில்கூட 20,000-க்குக் குறையாமலும் தரச் சொன்னது. பரிந்துரைதான், நடைமுறையில் பெரும்பாலும் தருவதில்லை. ஆனால் ஐ.சி.யூ. படி என்று தனியாக ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கேட்க அது நல்ல ஆதாரம். மூன்று வருட ஐ.சி.யூ. அனுபவம் உள்ளவரைப் புதிதாகச் சேர்கிறவர் சம்பளத்தில் எடுக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

குழந்தைக் காப்பகத்தையும் கேளுங்கள். மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தத்திலிருந்தே ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். அம்மா வராத மூன்று நாளுக்கு அது உதவும். காப்பகம் ராத்திரியும் உண்டா, பகலில் மட்டுமா என்பது வேறு கேள்வி.

---

தேரடி_வடக்கு

வீட்டைப் பத்தி நான் சொல்றேன் சிஸ்டர்.

கொருக்குப்பேட்டை வாடகை கம்மியா இருக்கறதுக்குக் காரணம் இருக்கு. அம்மா மீஞ்சூர்ல ஏறினா கும்மிடிப்பூண்டி லைன்ல நேரா கொருக்குப்பேட்டையிலயே இறங்கிடலாம், அது ஒரு பெரிய வசதி, இல்லைன்னு சொல்லல. ஆனா தரைத்தளம் வேண்டவே வேண்டாம். அந்தப் பக்கத் தண்ணியெல்லாம் கேப்டன் காட்டன் கால்வாய் வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய் அங்கேர்ந்து கடலுக்குப் போகணும். மழையோட கடல் மட்டமும் ஏறினா கால்வாய் வாங்காது, தண்ணி தெருவுல நிக்கும். ரோடு போடும்போது பழைய ரோட்டைச் சுரண்டாம மேலயே போட்டு, நிறைய வீடு ரோட்டைவிடத் தாழ்ந்து போச்சு. தரைத்தளத்துல சம்ப்பு மூடி வழியா சாக்கடைத் தண்ணி கலந்துடும், டாய்லெட்ல எதிர்த்து வரும். வடிஞ்ச பிறகு சம்ப்பை இறைச்சு, கழுவி, ப்ளீச்சிங் போட்டு, திரும்ப நிரப்ப ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் உங்களுக்கு டூட்டி இருக்கும்.

அப்புறம் ரயில்வே கேட். சரக்கு வண்டியும் எலெக்ட்ரிக் ட்ரெயினும் மாத்தி மாத்திப் போறதால கேட் போட்டா எப்ப திறப்பாங்கன்னு சொல்ல முடியாது. ஏழு மணிக்கு ஹேண்டோவர் வாங்கவேண்டியவங்க நம்பிக் கிளம்பக்கூடாத ரோடு.

செம்பியம் நல்ல ஏரியா, கடை, ஸ்கூல் எல்லாம் பக்கம். ஆனா பெரம்பூர் வேலைக்குப் போறதா இருந்தாத்தான் சரி. மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலை பெரம்பூர் வழியாத்தான் நடக்குது. இப்போதைக்கு தேனாம்பேட்டை போகணும்னா பெரம்பூர் ஸ்டேஷன்ல ஏறி சென்ட்ரல்ல இறங்கி மெட்ரோ மாறணும். அம்மா பேசின் பிரிட்ஜ்ல இறங்கி, படியேறி இறங்கி இன்னொரு வண்டி பிடிக்கணும். மழைன்னா வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையை முதல்ல மூடுவாங்க. உங்க வீட்டுக்காரருக்கும் மணலிக்கு மாதவரம் சுத்தித்தான் வழி.

காலடிப்பேட்டைல இருக்கற பெரிய பலம் மெட்ரோ. விம்கோ நகர் வரைக்கும் 2021 பிப்ரவரில திறந்தது. காலையில 5 மணிக்கு முதல் வண்டி, ராத்திரி 11 மணி வாக்குல கடைசி. தேனாம்பேட்டைக்கு ஒரே லைன், எங்கேயும் மாறவேண்டாம், வண்டில ஏறக்குறைய 35 நிமிஷம். காலை ஷிப்ட்டுக்கு 5.50-க்கு ஏறினா போதும். 9 மணிக்கு முடிஞ்சு, ஹேண்டோவர் கொடுத்துட்டு 9.40-க்கு வெளிய வந்தாக்கூட 10.30 வாக்குல காலடிப்பேட்டை வந்துடலாம். பத்து மணிக்கு மேல வண்டி இடைவெளி அதிகம், அதை மனசுல வச்சுக்கங்க. நைட் முடிஞ்சு காலைல வர்றப்ப கூட்டம் எதிர்ப்பக்கம்தான் போகும், உட்கார இடம் கிடைக்கும்.

குறையும் இருக்கு. கடலோரம், கிணத்துத் தண்ணி, போர் தண்ணி உப்பு. குடிக்கவும் சமைக்கவும் மெட்ரோ வாட்டர்தான். எத்தனை மணிக்கு வருது, எவ்வளவு நேரம் வருது, அடிபம்பா மோட்டாரா, சம்ப்பு எத்தனை வீட்டுக்குப் பொதுன்னு கேட்டுக்கங்க. தண்ணி விடற நேரத்துலயே போய் ஒரு கண்ணாடி டம்ளர்ல முதல் அஞ்சு நிமிஷத் தண்ணியைப் பிடிச்சு மோந்து பாருங்க. சாக்கடை வாடை இருந்தா பழைய குழாய்ல எங்கேயோ ஒழுக்கு இருக்குன்னு அர்த்தம். குடிபோன பிறகு அப்படி வந்தா 1916-க்குச் சொல்லி புகார் எண் வாங்கிக்கங்க.

உங்க வீட்டுக்காரர் மணலிக்கு எந்த ரோடுல போறார்ங்கறதும் முக்கியம். ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை எண்ணூர் விரைவு சாலைலயும் மணலி விரைவு சாலைலயும் நிக்கும். அந்த வரிசைக்கு நடுவுல பைக்கை நுழைக்கறது ஆபத்து, டிரைவருக்கு இடதுபக்கம் தெரியாது. திருவொற்றியூர்–மணலி ரோடு கொஞ்சம் பரவாயில்லை. புழல் ஏரி உபரித் தண்ணி திறந்துவிட்டா அது மணலி, சடையங்குப்பம் வழியாத்தான் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகுது. ஏரி திறக்கறாங்கன்னு அறிவிப்பு வந்தாலே அன்னைக்கு ரோடு எப்படியிருக்குன்னு கேட்டுட்டுக் கிளம்பச் சொல்லுங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல அந்தத் தண்ணில எண்ணெயும் கலந்து வந்துச்சு.

நீங்க பார்க்காத இடம் ஒண்ணு சொல்றேன், விம்கோ நகர். மெட்ரோவும் எலெக்ட்ரிக் ட்ரெயினும் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கிடைக்கிற இடம். அம்மாவுக்கு நேர் வண்டி, உங்களுக்கு நேர் வண்டி. ஆனா எண்ணூர் பக்கம் நெருங்க நெருங்கத் தொழிற்சாலை வாடை இருக்கும். அதே டிசம்பர் கடைசியில எண்ணூர் பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சு ராத்திரியோட ராத்திரியா ஜனங்க வீட்டை விட்டு ஓடவேண்டி வந்தது. பாப்பாவுக்கு இழுப்பு, வீசிங் இருந்தா அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம். இல்லைன்னா ஒரு ராத்திரி பதினொரு மணிக்குப் போய் நின்னு காத்து எப்படியிருக்குன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

அட்வான்ஸ் 80,000 அதிகம். 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா மூணு மாச வாடகைதான், அதாவது 33,000. மெட்ராஸ்ல பத்து மாசம் கேக்கற பழக்கம் இன்னும் போகலை. சட்டத்தைச் சொல்லி ஆரம்பிச்சு அம்பதாயிரத்துல நிறுத்தினாலே லாபம். காலி பண்றப்போ பெயின்டிங்குக்கு எவ்வளவு கழிப்பாங்கன்னு அக்ரிமென்ட்லயே எழுதிடுங்க, தகராறு வர்றது அங்கதான். இ.பி. தனி கார்டா, சப் மீட்டரான்னும் பாருங்க. தனி கனெக்‌ஷன்னா ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் இலவசம் உங்களுக்கே வரும். சப் மீட்டர்னா அது ஓனருக்கு, நீங்க அவர் சொல்ற ரேட்ல கட்டணும்.

---

மீஞ்சூர்_சிஸ்டர்

ரொம்ப நன்றி. பெரம்பூரில் திரும்பக் கேட்டேன், 26 டூட்டி என்பது 26 டூட்டியேதான். அதை விட்டுவிட்டோம். எம்.ஆர்.பி.யா வளைகுடாவா என்று வீட்டில் பேசினோம், வளைகுடாதான். குழந்தைக்கு வீசிங் வந்திருக்கிறது, அதனால் விம்கோ நகரும் வேண்டாம். தேனாம்பேட்டை எச்.ஆருக்கு எப்படி எழுதுவது? கேள்வி கேட்டால் ஆஃபரையே ரத்து செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. காலடிப்பேட்டை இரண்டாம் மாடி வீட்டுக்கு மேலே மொட்டை மாடிதான், அது பரவாயில்லையா?

---

வார்டு_இன்சார்ஜ்

ஐ.சி.யூ. பழகிய சிஸ்டரைக் கேள்வி கேட்டதற்காக யாரும் விடமாட்டார்கள். கெஞ்சலும் வேண்டாம், வழக்கு போடுகிற தொனியும் வேண்டாம். இப்படி எழுதுங்கள்:

"பணி வாய்ப்புக்கு நன்றி. குறித்த தேதியில் சேர விரும்புகிறேன். அதற்கு முன் நான்கு விவரங்களை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டுகிறேன். அசல் சான்றிதழ்களைச் சேரும் நாளில் காண்பித்துச் சரிபார்ப்பு முடிந்ததும் அன்றே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காசோலைக்குப் பதிலாகப் பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயாராக இருக்கிறேன். ஒப்பந்தத் தொகை பணியாற்றிய மாதங்களுக்கு ஏற்ப மாதம் 3,125 வீதம் குறையும் என்று சேர்க்க வேண்டுகிறேன். என் நியமனம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு என்பதும் நியமன ஆணையில் இடம்பெற வேண்டும்."

நான்காவதை மறந்துவிடாதீர்கள். "ஸ்டாஃப் நர்ஸ்" என்று மட்டும் ஆணை வந்தால் எந்த வார்டுக்கும் மாற்றலாம், பிறகு ஐ.சி.யூ. அனுபவம் என்று சான்றிதழ் கேட்கும்போது இழுபறியாகும். ஆணை வந்ததும் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக் கணவருக்கும் அனுப்பி வையுங்கள். தொடர் கல்வி வகுப்பு மணி நேரத்துக்குச் சான்றிதழ் தருவார்களா என்றும் வாய்மொழியாகக் கேளுங்கள். பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருடத்துக்கு 150 மணி நேரம் வேண்டும், பெரிய ஆஸ்பத்திரியில் அது உள்ளேயே கிடைத்துவிடும்.

---

தேரடி_வடக்கு

மொட்டை மாடிக்குக் கீழ வீடுன்னா பகல்ல கொதிக்கும். சாதாரண ஆளுக்கு அது சாயங்காலப் பிரச்சினை, உங்களுக்குத் தூங்கற நேரமே பகல். மத்தியானம் ரெண்டு மணிக்குப் போய் கூரைக்குக் கீழ கையைத் தூக்கிப் பாருங்க, அனல் இறங்குதான்னு. மேற்குச் சுவர் இல்லாத ரூம் ஏதாவது இருந்தா அதைத் தூங்கற ரூம் ஆக்கிக்கலாம். மாடியில வெள்ளை கூலிங் பெயின்ட் அடிச்சுத் தரச் சொல்லுங்க, அட்வான்ஸ் பேசும்போதே கேட்டா ஒத்துக்குவாங்க, குடிவந்த பிறகு கேட்டா நடக்காது. அதே கட்டடத்துல முதல் மாடி எப்ப காலியாகும்னும் விசாரிச்சு வைங்க.

தேரடிப் பக்கம்னா வடிவுடையம்மன் கோயில் திருவிழா நாள்ல ஸ்பீக்கர் இருக்கும், அந்த நாளுக்கு நைட் விழாம ரோஸ்டர்ல முன்கூட்டியே கேட்டுக்கலாம். பாப்பா பகல்ல அம்மாகிட்ட இருக்கறப்ப நீங்க தூங்கற ரூமுக்கு உள்தாழ்ப்பாள் சரியா இருக்கான்னும் பாருங்க.

கடைசியா, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னால ஒரு நாள் ராத்திரி 10.30-க்கு வீட்டுக்காரரோட காலடிப்பேட்டை ஸ்டேஷன்ல இறங்கி அந்த வீடு வரைக்கும் நடந்து பாருங்க. எந்தக் கடை திறந்திருக்கு, எந்தத் தெருவுல லைட் எரியலை, நாய் எங்க படுத்திருக்குன்னு தெரிஞ்சுடும். எரியாத லைட்டுக்கு 1913-ல கம்பத்து நம்பரைச் சொல்லிப் புகார் கொடுங்க. நம்பர் கம்பத்துலயே எழுதியிருக்கும்.